பாசிப்பெருக்கக் காலத்தில் ஏரியின் நுண்ணுயிர் உணவு வலையை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஊட்டச்சத்து மிகுந்த ஏரியில் பாசி பெருகி நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது பச்சை நிறம் ஒன்றுதான். அந்தப் பச்சைக்குள் பாசி கசியவிடும் கரைந்த கரிமப் பொருளைப் பாக்டீரியாக்கள் உண்கின்றன. அவற்றை 2 முதல் 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள, சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஒற்றைச்செல் உயிர்களான நிறமற்ற கசையிழை உயிரிகள் விழுங்குகின்றன. கசையிழை உயிரிகளை, உடலெங்கும் சிற்றிழைகள் கொண்ட ஒற்றைச்செல் குறுயிழை உயிரிகளும், இவை எல்லாவற்றையும் டாஃப்னியா, ரோட்டிஃபர், கோப்பிபாடு போன்ற விலங்கு மிதவையுயிரிகளும் தின்கின்றன. இந்தத் தொடரை எண்ணிக்கையாகவும் வேகமாகவும் அளந்து எழுதுவதற்கான வேலை வரிசையே இங்கே உள்ளது.

ஒளிர்வு நுண்ணோக்கி, வெற்றிடப் பம்பு, வடிகட்டும் சாதனம், குளிர்பெட்டி ஆகியவை இருந்தால் இதைச் செய்துவிடலாம். கதிரியக்கப் பொருள் தேவைப்படும் முறைகளை நான் சேர்க்கவில்லை.

புதிதாக வருபவர்கள் நுண்ணோக்கி முன் தவறுவார்கள் என்றுதான் நானும் முதலில் எண்ணியிருந்தேன். பல பருவங்கள் உடனிருந்து பார்த்தபோது, பெரும்பாலான தவறுகள் ஏரிக்கரையில் முதல் இரண்டு மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுவது தெரிந்தது. பாசிக் காலனிகளுக்குள் ஓர் உணவு வலையும், காலனிகளுக்கு இடைப்பட்ட நீரில் வேறோர் உணவு வலையும் இயங்குகின்றன. இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிட்டால், பிறகு எந்தக் கருவியாலும் அவற்றைப் பிரித்தெடுக்க இயலாது.

1. கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

யார் யார், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. யார் யாரை எந்த வேகத்தில் தின்கிறார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நிலைப்படுத்திய மாதிரி, அதாவது உயிரிகளைக் கொன்று உருக்குலையாமல் காக்கும் கரைசல் சேர்த்த மாதிரி, போதும். இரண்டாவதற்கு அன்றே, அந்த ஏரியின் வெப்பநிலையிலேயே உயிருள்ள நீர் வேண்டும். இதை முன்பே முடிவு செய்யாதவர்கள் எல்லாப் புட்டிகளிலும் நிலைப்படுத்தியை ஊற்றிவிட்டு, மாலையில் தின்னும் வேகத்தை அளக்க நீர் இல்லாமல் நிற்பார்கள்.

ஒரே நாள் மாதிரியை வைத்து உணவு வலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. பாசிப்பெருக்கத்துக்கு ஏறுமுகம், உச்சம், சரிவு என்று மூன்று கட்டங்கள் உண்டு. பாக்டீரியா பெருகிய சில நாள் கழித்தே அதைத் தின்னும் கசையிழை உயிரிகள் பெருகும் என்பதால், அந்த இடைவெளியைப் பிடிக்கும் அளவுக்கு மாதிரிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஏறுமுகத்தில் வாரம் ஒரு முறை போதும். சரிவு தொடங்கியதும் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறையாவது போக வேண்டும்.

2. ஏரிக்குப் போகும் முன் தயார் செய்ய வேண்டியவை

புட்டிகள் அனைத்தையும் 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, வாலைவடிநீரால் பலமுறை கழுவி வையுங்கள். பாஸ்பரஸ் மிச்சம் ஒட்டியிருக்கும் புட்டியில் உயிருள்ள நீரை வைத்தால், சோதனை முடிவதற்குள் பாக்டீரியா அதை உண்டு பெருகிவிடும். சோப்புத்தூள் வேண்டாம்; அதில் பாஸ்பேட் இருக்கக்கூடும்.

ஃபார்மலின், குளுட்டரால்டிஹைடு ஆகிய இரண்டையும் 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த பிறகே பயன்படுத்துங்கள். வடிக்காத நிலைப்படுத்தியில் கிடக்கும் தூசியும் இறந்த பாக்டீரியாவும் சாயம் ஏறி நுண்ணோக்கியில் மின்னும். வடித்த நீரை மட்டும் சாயமேற்றி ஒரு வெற்று வில்லையை (நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகட்டை) எண்ணிப் பாருங்கள். ஒரு காட்சிப் பரப்பில் ஓரிரு புள்ளிகளுக்கு மேல் தெரிந்தால் கரைசலில் கோளாறு இருக்கிறது.

அயோடின் கலந்த நிலைப்படுத்தியான லூகால் கரைசலுக்கு 20 கிராம் பொட்டாசியம் அயோடைடை 200 மில்லிலிட்டர் வாலைவடிநீரில் முதலில் கரைத்து, அதன் பின்னரே 10 கிராம் அயோடினைச் சேர்க்க வேண்டும், ஏனெனில் அயோடின் வெறும் நீரில் கரைய மறுக்கும். கடைசியாக 20 மில்லிலிட்டர் உறை அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்துப் பழுப்புப் புட்டியில் வையுங்கள். 8-ஆம் படியில் தின்னும் வேகத்தை அளக்கும்போது கசையிழை உயிரிகளுக்குக் காரத்தன்மை கொண்ட லூகால் வேண்டும். அதில் அசிட்டிக் அமிலத்துக்குப் பதிலாகச் சோடியம் அசிடேட்டைச் சேர்ப்பார்கள்.

சீட்டுகளை வீட்டிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டு செல்லுங்கள். ஈரக் கையும் அயோடினும் பேனா எழுத்தை அழித்துவிடும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சயனோபாக்டீரியாக்கள் (நீலப்பச்சைப் பாசிகள்) கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சைச் சுரக்கக்கூடியவை, குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் பெருகிய பாசியால் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் போனார்கள். கொதிக்கவைப்பதாலும் இந்த நஞ்சு அழிவதில்லை. கையுறை அணியுங்கள், நீர்த்துளிகள் தெறித்து மூச்சில் கலக்காமல் பாருங்கள், படகில் ஒருபோதும் தனியாகப் போகாதீர்கள். ஃபார்மலினைப் புகைவெளியேற்றும் பெட்டிக்குள் மட்டுமே கையாளுங்கள்.

3. நீர் எடுப்பதற்கு முன் ஏரியைப் படியுங்கள்

செக்கி தட்டால் (நீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைப் பார்க்கும் தட்டு) ஒளி ஊடுருவும் ஆழத்தை அளந்து, பிறகு அரை மீட்டருக்கு ஒரு முறை வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், பி.எச். மூன்றையும் மேலிருந்து அடிவரை குறியுங்கள். நீர் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறதா, முழுதும் கலந்திருக்கிறதா என்பதை அறிவதே இதன் நோக்கம். அடுக்குப் பிரிந்த ஏரியில் ஆக்சிஜன் இல்லாத அடிநீரில் வேறு வகைக் குறுயிழை உயிரிகள் வாழும். அந்த நீரை மேல்நீரோடு கலந்தால் எங்குமே இல்லாத ஒரு சமுதாயம் உங்கள் ஏட்டில் பதிவாகும்.

நாள்நேரமும் முக்கியம். பாசி அடர்ந்த நீரில் பிற்பகல் பி.எச். 9-ஐத் தாண்டுவது வழக்கம். ஆக்சிஜன் பகலில் மிகைநிறைவாகவும் விடியலில் மிகக் குறைவாகவும் இருக்கும். மைக்ரோசிஸ்டிஸின் செல்களுக்குள் வாயு நுண்பைகள் இருப்பதால், காற்று ஓய்ந்த வேளையில் அது மேலே வந்து படலமாகிறது, காற்று வீசினால் கலைகிறது அல்லது ஒரு கரையில் ஒதுங்குகிறது. ஆகவே எல்லா நாள்களிலும் ஒரே மணிக்கு மாதிரி எடுங்கள். காற்றின் திசையையும் வேகத்தையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

ஆழமற்ற ஏரிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சீனாவின் தாய்ஹு ஏரி பரப்பில் பெரியது, ஆனால் சராசரி ஆழம் ஏறத்தாழ 2 மீட்டர்தான். பலத்த காற்று அடித்தால் அடிச்சேறே கிளம்பி நீருடன் கலந்துவிடும். இத்தகைய ஏரியில் காற்றுக்கு மறுநாள் எடுத்த மாதிரியில் பாக்டீரியா எண்ணிக்கை திடீரென உயர்ந்திருந்தால், அது பாசியால் வளர்ந்ததா, சேற்றிலிருந்து வந்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நீரின் கலங்கலை அன்றே அளந்து வைத்தவர்களால் மட்டுமே அதற்குப் பதில் சொல்ல முடியும்.

4. நீரை எடுப்பது

திறந்த நீர்ப்பரப்பில் நீள்குழாய் மாதிரியெடுப்பியை இறக்கி, ஒளிபடும் அடுக்கு முழுவதையும் ஒரே தூணாக எடுங்கள். ஒரே ஆழத்தில் எடுத்தால், அந்த நேரத்தில் காலனிகள் எந்த ஆழத்தில் மிதந்தன என்பதையே அளந்தவர்களாவீர்கள்.

மேற்பரப்பில் பாசிப் படலம் இருந்தால், அதை அகன்ற வாய்ப் பாத்திரத்தில் தனியாக எடுத்துத் தனிப் பெயரிடுங்கள். படலத்தின் ஒரு கரண்டி, தூண்நீர் மாதிரி முழுவதன் குளோரோஃபில் (பச்சையம்) அளவையும் மாற்றிவிட வல்லது.

உயிருள்ள சோதனைக்கான நீரிலிருந்து விலங்கு மிதவையுயிரிகளை நீக்க, 200 மைக்ரோமீட்டர் வலை வழியே மெதுவாக ஊற்றுவது வழக்கம். பாசிப்பெருக்கத்தில் இங்கே ஒரு பொறி இருக்கிறது: மைக்ரோசிஸ்டிஸ் காலனிகளும் பல நூறு மைக்ரோமீட்டர் அளவுக்கு வளர்பவை, எனவே அவையும் வலையிலேயே தங்கிவிடும், கூடவே அவற்றின் பசையுறையில் வாழும் பாக்டீரியாவும் குறுயிழை உயிரிகளும் போய்விடும். வலையில் தங்கியதைக் கொட்டிவிடாதீர்கள். வடித்த ஏரிநீரால் அதைக் கழுவி, அது எத்தனை லிட்டர் நீரிலிருந்து வந்தது என்று குறித்து, தனிப் புட்டியில் வையுங்கள்.

உயிருள்ள நீரைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பது நான் அதிகம் பார்த்த தவறு. பனிக்கட்டி குளோரோஃபிலுக்கும் டி.என்.ஏ. மாதிரிக்கும் நல்லது, ஆனால் தின்னும் வேகத்தை அளக்கப்போகும் நீர் குளிர்ந்தால் கசையிழை உயிரிகள் உண்பதை நிறுத்திவிடும், மீண்டும் தொடங்கப் பல மணி நேரம் எடுக்கும். ஏரிநீர் நிரப்பிய மூடிய வாளியில் புட்டிகளை அமிழ்த்தி, நிழலில் கொண்டு வாருங்கள்.

5. முதலில் கெடுவதை முதலில் கையாளுங்கள்

முதல் இடம் குறுயிழை உயிரிகளுக்கு. படகிலேயே அமில லூகாலை, இறுதி அடர்வு 1 முதல் 2 விழுக்காடு ஆகும்படி சேர்த்துவிடுங்கள். ஃபார்மலின் பட்டால் மெல்லுடல் கொண்ட பல குறுயிழை உயிரிகள் வெடித்துக் காணாமல் போகும் என்பதாலேயே லூகால். பாசி அடர்ந்த நீரில் கரிமப் பொருள் அயோடினை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துப் புட்டியின் தேநீர் நிறம் வெளுத்திருந்தால் இன்னும் சில துளிகள் சேருங்கள்.

அடுத்தது பாக்டீரியாவும் கசையிழை உயிரிகளும். ஃபார்மால்டிஹைடு 2 விழுக்காடு (ஃபார்மலின் என்பது அதன் 37 விழுக்காட்டுக் கரைசல்) அல்லது குளுட்டரால்டிஹைடு 1 விழுக்காடு என்ற இறுதி அடர்வில் சில நிமிடங்களுக்குள் நிலைப்படுத்த வேண்டும். மூடிய புட்டிக்குள் தின்பதும் பிரிவதும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். இதற்கும் லூகால் புட்டியையே பயன்படுத்தலாமா என்று ஒவ்வொரு முறையும் யாரேனும் கேட்பார்கள். அயோடின் பச்சையத்தின் சிவப்பு ஒளிர்வை மறைத்துவிடும். பச்சையம் உள்ள கசையிழை உயிரியையும் நிறமற்றதையும் பிரித்தறியும் ஒரே அடையாளம் அந்த ஒளிர்வுதான். இரண்டு புட்டிகள் கட்டாயம்.

வைரஸ்களை எண்ணப்போகிறீர்கள் என்றால் குளுட்டரால்டிஹைடு 0.5 விழுக்காட்டில் நிலைப்படுத்தி, சிறிது நேரத்தில் திரவ நைட்ரஜனில் உறையவைத்து விடுங்கள். வெறுமனே குளிர்பெட்டியில் வைத்த மாதிரிகளில் வைரஸ் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறையும்.

குளோரோஃபிலுக்கான நீரை இருளில் வைத்து, அன்றே கண்ணாடியிழை வடிதாளில் வடித்து உறையவையுங்கள். கரைந்த பாஸ்பரஸுக்கான நீரையும் சில மணி நேரத்துக்குள் வடித்துவிட வேண்டும். பாக்டீரியா அதை நிமிடக் கணக்கில் உள்வாங்குவதும் வெளியிடுவதுமாக இருக்கும். மொத்தப் பாஸ்பரஸ் மாதிரியை வடிக்காமல் அப்படியே உறையவைக்கலாம்.

6. காலனியையும் தனிநீரையும் பிரிப்பது

முழு வேலையிலும் அதிகப் பொறுமை கேட்கும் இடம் இதுதான்.

தனியே நீந்தும் பாக்டீரியாவைப் பெற, நீரை 3 அல்லது 5 மைக்ரோமீட்டர் சவ்வு வழியே புவியீர்ப்பிலோ மிகக் குறைந்த உறிஞ்சலிலோ விடுங்கள். சவ்வைக் கடந்தது தனிநீர்ப் பாக்டீரியா, தங்கியது ஒட்டிவாழும் பாக்டீரியா. பாசிப்பெருக்கத்தில் சவ்வு மிக விரைவாக அடைபடும், அடைபட்ட சவ்வின் துளைகள் உண்மையில் சிறுத்துவிடுவதால் தனிநீர்ப் பாக்டீரியாவும் அதில் தங்கும். ஓட்டம் தளரத் தொடங்கிய உடனே நிறுத்திப் புதுச் சவ்வைப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் வடித்த அளவை எழுதுங்கள். 20 மில்லிலிட்டருக்கு மேல் வடிக்க முடியாத நாள்கள் இருக்கும். அந்த நாளில் உறிஞ்சலைக் கூட்டி ஒரு லிட்டர் வடித்தே தீருவேன் என்று முனைந்தால், உடைந்த பாசிச் செல்களின் சாறு தனிநீர்க் கணக்கில் சேர்ந்துவிடும்.

காலனியின் பசையுறைக்குள் இருக்கும் பாக்டீரியாவை எண்ண, அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். நிலைப்படுத்திய மாதிரியில் சோடியம் பைரோபாஸ்பேட் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து, மீயொலியால் சிறிது சிறிதாக அதிரச் செய்யுங்கள். எவ்வளவு நேரம் என்பதற்கு எல்லா ஏரிக்கும் பொருந்தும் எண் கிடையாது. 15 விநாடிக்கு ஒரு முறை சிறிது எடுத்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறி, நிலைத்து, பிறகு இறங்கும். இறங்குவது பாக்டீரியாவே உடையத் தொடங்கியதைக் காட்டுகிறது. நிலைத்த இடமே உங்கள் ஏரிக்கு, அந்தக் கட்டத்துக்கு ஏற்ற நேரம். உச்சக் கட்டத்துக்குக் கண்ட நேரம் சரிவுக் கட்டத்துக்குப் பொருந்தாது, ஏனெனில் அழியும் காலனியின் பசை ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

7. சாயமேற்றி எண்ணுவது

பாக்டீரியாவுக்குக் கறுப்பு நிறப் பாலிகார்பனேட் 0.2 மைக்ரோமீட்டர் சவ்வு, கசையிழை உயிரிகளுக்கு 0.8 மைக்ரோமீட்டர் சவ்வு. டாபி சாயம் டி.என்.ஏ.-வுடன் சேர்ந்து புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். உறிஞ்சலைக் குறைவாக வையுங்கள். அதிகமானால் கசையிழை உயிரிகள் நசுங்கிவிடும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். சவ்வில் நீர் பரவிய வட்டத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர். கண்வில்லைக் கட்டத்தின் பக்கம் 100 மைக்ரோமீட்டர் என்றால் அதன் பரப்பு 0.01 சதுர மில்லிமீட்டர். ஆக சவ்வு முழுவதும் 31,400 கட்டங்கள். கட்டத்துக்குச் சராசரி 40 பாக்டீரியா, வடித்த நீர் 0.25 மில்லிலிட்டர் எனில், மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 லட்சம். ஊட்டச்சத்து மிகுந்த ஏரிகளில் இது வழக்கமான அளவு. நிலைப்படுத்தி சேர்த்ததால் மாதிரி நீர்த்துப்போனதையும் திருத்த வேண்டும்: 37 விழுக்காட்டு ஃபார்மலினால் 2 விழுக்காட்டை எட்டியிருந்தால் விடையை 1.06-ஆல் பெருக்குங்கள். இந்தத் திருத்தத்தை மறப்பவர்களே அதிகம்.

குறைந்தது 20 கட்டங்கள், 300 முதல் 400 பாக்டீரியாக்கள் வரை எண்ணுங்கள். பாக்டீரியா ஒரு கட்டத்தில் ஐந்து, மற்றொன்றில் நூறு என்று சிதறியிருந்தால் சவ்வில் நீர் சீராகப் பரவவில்லை என்று பொருள். அந்த வில்லையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

கசையிழை உயிரிகளை எண்ணும்போது ஒவ்வொரு செல்லையும் இரண்டு ஒளியில் பார்க்க வேண்டும். புறஊதாவில் நீல உட்கருவைக் கண்டுபிடித்து, உடனே நீல ஒளிக்கு மாற்றிச் சிவப்பு ஒளிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு இருந்தால் பச்சையம் உண்டு. அதற்காக அதைத் தின்போர் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டாம், ஏனெனில் கிரிப்டோமோனாஸ், டைனோப்ரையான் போன்ற பச்சையமுள்ள கசையிழை உயிரிகளில் பல, ஒளிச்சேர்க்கை செய்துகொண்டே பாக்டீரியாவையும் விழுங்கக்கூடியவை. தனி நெடுவரிசையில் எழுதுங்கள். பச்சை ஒளியில் ஆரஞ்சு அல்லது சிவப்பாக மின்னும் சிறு புள்ளிகள் நுண் சயனோபாக்டீரியா. அவற்றை டாபி ஒளியில் மட்டும் பார்த்தால் சாதாரணப் பாக்டீரியாவாக எண்ணிவிடுவீர்கள்.

தேர்ந்தவர்களையும் ஏமாற்றும் ஒன்று கைட்ரிட் பூஞ்சை. இது பாசிச் செல்கள்மீது ஒட்டுண்ணியாக வாழ்ந்து, 2 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒற்றைக் கசையிழை வித்துகளை நீரில் விடும். டாபி ஒளியில் அவை நிறமற்ற கசையிழை உயிரிகளைப் போலவே தோன்றும். ஆனால் உணவு வலையில் அவற்றின் இடமே வேறு: அவை பாக்டீரியாவைத் தின்பதில்லை, டாஃப்னியாவால் தின்ன முடியாத பெரிய பாசியின் சத்தை, டாஃப்னியா தின்னக்கூடிய சிறு வித்தாக மாற்றிக் கொடுக்கின்றன. கசையிழை உயிரிகள் திடீரெனப் பெருகியும் பாக்டீரியா குறையாமலிருந்தால் சந்தேகப்படுங்கள். கால்கோஃப்ளூர் சாயமேற்றினால் பாசிச் செல்மீது ஒட்டியிருக்கும் பூஞ்சையின் கைட்டின் உறை பளிச்சென்று தெரியும்.

8. தின்னும் வேகத்தை அளப்பது

எண்ணிக்கை மட்டும் இருந்தால் யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார் என்று சொல்ல முடியாது. குறைவான கசையிழை உயிரிகள் வேகமாகத் தின்று கொண்டிருக்கலாம், நிறைய இருந்தும் பட்டினியில் கிடக்கலாம்.

புதியவர்களுக்கு ஏற்ற முறை, ஒளிரும் சாயமேற்றிய பாக்டீரியாவைச் சுவடாகச் சேர்ப்பது. அதே ஏரியின் பாக்டீரியாவைச் செறிவாக்கி, டி.டி.ஏ.எஃப். என்ற ஒளிரும் சாயத்துடன் 60 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவை பொதுவாக ஏரிப் பாக்டீரியாவைவிடப் பெரியவை, கசையிழை உயிரிகளோ பெரிய இரையை விரும்பிப் பிடிப்பவை.

மூன்று புட்டிகளில் நீரை ஊற்றி, ஏரி வெப்பநிலையில் அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள்; ஊற்றும் அதிர்ச்சியில் உயிரிகள் உண்பதை நிறுத்தியிருக்கும். பிறகு மொத்தப் பாக்டீரியாவில் 5 முதல் 20 விழுக்காடு ஆகும்படி சுவடைச் சேர்த்து, 0, 5, 10, 15, 20, 30 நிமிடங்களில் மாதிரி எடுங்கள். அதற்கு மேல் நீட்டினால் விழுங்கியவை செரிக்கத் தொடங்கும், வேகம் குறைவாகத் தோன்றும்.

இந்த மாதிரிகளுக்குத் தனி நிலைப்படுத்தல் வேண்டும். நேரடியாக ஃபார்மலின் பட்டால் கசையிழை உயிரிகள் விழுங்கியதைக் கக்கிவிடும். ஆகவே முதலில் காரலூகால் 0.5 விழுக்காடு, உடனே ஃபார்மலின், கடைசியாக அயோடின் நிறம் போகும்வரை சில துளிகள் சோடியம் தயோசல்ஃபேட் என்ற வரிசையை மாற்றாதீர்கள். சுவடு சேர்ப்பதற்கு முன்பே நிலைப்படுத்திய ஒரு புட்டியையும் வையுங்கள். செல்லின்மீது தற்செயலாகப் படிந்த சுவடுகளைக் கழிக்க அது வேண்டும்.

கணக்கு இப்படி: நூறு பாக்டீரியாவில் பத்து சுவடு. ஒரு கசையிழை உயிரிக்குள் நிமிடத்துக்கு 0.01 சுவடு கூடினால் மணிக்கு 0.6, மொத்தப் பாக்டீரியாவாக மாற்றினால் மணிக்கு 6. மில்லிலிட்டருக்கு 4,000 கசையிழை உயிரிகள் இருந்தால் மணிக்கு 24,000 பாக்டீரியா, நாளுக்கு 5,76,000. முன்பு எண்ணிய 50 லட்சத்தில் இது ஏறத்தாழ 11.5 விழுக்காடு. சூட்டில் இறந்த பாக்டீரியாவைச் சில உயிரிகள் தவிர்ப்பதால் இதைக் கீழ்வரம்பாகவே எழுதுங்கள்.

குறுயிழை உயிரிகளுக்கும் இதே முறை பொருந்தும், ஆனால் அவை மணிக்கு நூற்றுக்கணக்கிலும் சில வகைகள் ஆயிரக்கணக்கிலும் விழுங்கக்கூடியவை என்பதால் முதல் ஐந்து நிமிட மாதிரியே போதுமானதாக இருக்கும்.

வடித்த நீரால் நீர்க்கச் செய்து பாசியின் வளர்ச்சியையும் இழப்பையும் அளக்கும் முறையைப் பலர் அப்படியே மைக்ரோசிஸ்டிஸுக்கும் பொருத்துகிறார்கள். தின்போரும் இரையும் ஒரே அளவில் நீர்க்கும், ஒன்றையொன்று தற்செயலாகச் சந்திக்கும் என்ற எடுகோளில் நிற்கும் முறை அது. காலனியோ தனக்குள்ளேயே தின்போரைச் சுமந்து செல்வதால் அந்த எடுகோள் அங்கே நிற்காது. தனிச்செல் பாசிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

9. விலங்கு மிதவையுயிரிகள்

பாசி அடர்ந்த நீரில் வலையை இழுத்தால் சில மீட்டர்களில் அடைத்துக்கொள்ளும், எவ்வளவு நீர் உள்ளே போனது என்றே தெரியாது. அதற்குப் பதில் அளந்த 10 முதல் 30 லிட்டர் நீரை ஏறத்தாழ 60 மைக்ரோமீட்டர் சல்லடையில் ஊற்றிச் சேகரியுங்கள். நிலைப்படுத்தும் முன் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீரில் மயக்கினால் டாஃப்னியா தன் முட்டைகளை உதிர்க்காது.

டாஃப்னியாவைத் தனியே எண்ணுவது அவசியம். அது பாக்டீரியா, கசையிழை உயிரி, சிறு குறுயிழை உயிரி அனைத்தையும் ஒரே வடிப்பில் வாரிக்கொள்ளும். அது மிகுந்த காலத்தில் கசையிழை உயிரிகள் குறைந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இழைப்பாசிகள் அதன் வடிகட்டும் உறுப்பை அடைத்து, மைக்ரோசிஸ்டிஸ் ஸ்டீரால் இல்லாத சத்துக்குறைந்த இரையாக அமைந்து, பாசிப்பெருக்கத்தின் உச்சத்தில் பெரிய டாஃப்னியா குறைந்துபோவது உண்டு. அப்போது ரோட்டிஃபரும் சைக்ளாப்ஸ் வகைக் கோப்பிபாடும் மேலெழும், சைக்ளாப்ஸ் குறுயிழை உயிரிகளைக் குறிவைத்துப் பிடிக்கும்.

10. எண்களைக் கார்பனாக மாற்றி இணைப்பது

ஒரு பாக்டீரியாவும் ஒரு டாஃப்னியாவும் எண்ணிக்கையில் ஒப்பிடத்தக்கவை அல்ல, ஆதலால் எல்லாவற்றையும் கார்பனாக மாற்ற வேண்டும். ஒரு பாக்டீரியாவுக்கு 20 ஃபெம்டோகிராம் (ஒரு ஃபெம்டோகிராம் 10⁻¹⁵ கிராம்) கார்பன் என்ற பரவலான மதிப்பை எடுத்தால், மில்லிலிட்டருக்கு 50 லட்சம் பாக்டீரியா என்பது லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கார்பன். இயன்றால் செல்களின் நீள அகலத்தை அளந்து கன அளவிலிருந்து கணக்கிடுங்கள். பாசிப்பெருக்கத்தில் பாக்டீரியாவின் அளவு கட்டத்துக்குக் கட்டம் மாறும்: தின்போர் பெருகும்போது விழுங்க முடியாத நீண்ட இழைப் பாக்டீரியாவும், பிடிபடாத மிகச் சிறிய ஆக்டினோபாக்டீரியாவும் தங்கிவிடும், நடுத்தர அளவுள்ளவை கரைந்துபோகும்.

அடுத்து, பாக்டீரியாவின் கார்பன் மேலே போகிறதா, வழியிலேயே மூச்சாகக் கரைகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு படியிலும் 30 விழுக்காடு மட்டுமே அடுத்த உடலாகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பாசி கசியவிட்ட 100 பங்கில் பாக்டீரியாவுக்கு 30, கசையிழை உயிரிக்கு 9, குறுயிழை உயிரிக்கு 2.7, கோப்பிபாடுக்கு 0.8 பங்கு. டாஃப்னியா பாக்டீரியாவை நேரடியாகத் தின்றால் அதற்கு 9 பங்கு. ஒரே பாசிப்பெருக்கம், ஒரே பாக்டீரியா. மேலே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மீனுக்கு எட்டும் உணவு பத்து மடங்கு மாறுகிறது. அதனால்தான் 9-ஆம் படியைச் சோர்ந்த மாலை வேலையாகத் தள்ளிப்போடுபவர்களைக் கண்டால் எனக்கு மனம் வருந்துகிறது.

சரிவுக் கட்டத்துக்குத் தனிக் கவனம் கொடுங்கள். வைரஸ் தாக்குதலாலோ பூஞ்சையாலோ சத்துக்குறைவாலோ செல்கள் உடையும்போது, மாதக்கணக்கில் சேர்ந்த கரிமப் பொருள் சில நாள்களில் நீரில் கரைகிறது, பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தீர்க்கிறது. அந்த நாள்களில் வழக்கமான மணிக்கு எடுக்கும் மாதிரியோடு விடியலுக்கு முன் ஒரு முறையும் ஆக்சிஜனை அளந்துவிடுங்கள். பகலில் மட்டும் அளந்தவர்களின் ஏட்டில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும், கரையிலோ மீன்கள் செத்து ஒதுங்கியிருக்கும்.

11. டி.என்.ஏ. வரிசையைச் சேர்ப்பதானால்

6-ஆம் படியில் பிரித்த இரண்டு பகுதிகளையும் தனித்தனியே வடித்து, மைனஸ் 80 பாகையில் வையுங்கள். பாக்டீரியாவை அடையாளம் காணப் படிக்கும் 16எஸ் மரபணு வரிசையில் பாசிகளின் பசுங்கணிகமும் பாக்டீரியா போலவே வெளிப்படும். அவற்றை நீக்கிய பிறகே பாக்டீரியாவின் விழுக்காட்டைக் கணக்கிடுங்கள். உட்கரு உள்ள உயிரிகளுக்குப் படிக்கும் 18எஸ் மரபணு வரிசையில் குறுயிழை உயிரிகள் ஒரே செல்லில் அந்த மரபணுவின் மிகப் பல நகல்களை வைத்திருப்பதால், வரிசைகளின் பங்கு அவற்றின் உண்மையான எண்ணிக்கையைவிடப் பன்மடங்கு பெரிதாகத் தோன்றும். யார் இருக்கிறார் என்பதற்கு இந்த வரிசைகளையும், எத்தனை பேர் என்பதற்கு 7-ஆம் படியில் எண்ணிய வில்லைகளையும் ஆதாரமாகக் கொள்ளுங்கள். வில்லைகளை மைனஸ் 20 பாகையில் இருட்டில் வைத்தால், சந்தேகம் எழும்போது மீண்டும் எடுத்து எண்ணிப் பார்க்கலாம்.